கண்டக்டரும் செக்கரும்

பயப்படாதம்மா, கடிக்க மாட்டான். கையை மட்டும் மேலேருந்து கொண்டு போகாத. மேலேருந்து எது வந்தாலும் பருந்துன்னுதான் நெனப்பாங்க இவங்க. கீழ வெச்சு, உள்ளங்கையை விரிச்சு... ஆங், அப்படித்தான். மோந்து பாக்கட்டும். நாளெல்லாம் துணி தைக்கற கை, நூல் வாசம் அடிக்கும் போல, விடமாட்டேங்கறான் பாரு. நகத்தைச் சுரண்டறானே, அது கடி இல்ல, விசாரணை. கூண்டுக்குள்ள புதுசா எது வந்தாலும் பல்லால ஒரு தடவை சுரண்டிப் பாத்துட்டுத்தான் விடுவான். அதான் செக்கர்னு பேரு வெச்சேன். பஸ் ஓட்டறவனுக்கு வேற என்ன பேரு தோணும்? மேல் தட்டுல நின்னுக்கிட்டு கீச்சு கீச்சுன்னு கத்தறானே, அவன் கண்டக்டரு. வண்டி நின்னா ஒரு கத்தல், கெளம்பினா ஒரு கத்தல்.

எலியா? ஏம்மா, நீயுமா. கீழ் வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்லிட்டுத் திரியறாரு, மேல ஒரு டிரைவரு எலிக்கு வாடகையில்லாம வீடு விட்டிருக்காருன்னு. டெகும்மா, டெகு, வெளிநாட்டுச் சாதி. அணிலும் எலியும் சம்பந்தம் பண்ணிக்கிட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. வால் நுனியில குஞ்சம் வெச்சிருக்கு பாத்தியா. கண்டக்டருக்குப் பாதி வாலுதான். உன் தோழி, என் பொண்ணு, பண்ணின வேலை அது. வாங்கிட்டு வந்த புதுசுல பீரோவுக்கு அடியில ஓடினவன் வாலைப் பிடிச்சுட்டா. வாலோட தோலு உறை மாதிரி கழண்டு இவ கையில வந்துடுச்சு. அன்னிக்கு முழுக்க இவ சாப்பிடல. அவன் என்னடான்னா சாயங்காலமே சக்கரத்துல ஓடறான். அதனால, வாலைத் தொடாத. இது முதல் பாடம்.

உக்காரும்மா. டீ குடி. ஆன்ட்டி பேக்கரியிலேருந்து வர நேரமாகும், நானே போட்டதுதான். கொஞ்சம் தட்டுல சிந்தியிருக்கும், பரவால்ல. திரைச்சீலை இருக்கட்டும்மா, திறக்காத. வெளிச்சம் கூசுது.

என் பொண்ணு உன்கிட்ட என்ன சொன்னா? அப்பாவுக்கு அலுத்துப் போச்சுன்னா? ம். சரி. அப்படியே வெச்சுக்கோயேன். வளக்கறேன்னு வாங்கினவ அவ. படிக்கப் போறப்ப, அப்பா கொஞ்ச நாளு பாத்துக்கோங்கன்னு தலையில கட்டிட்டுப் போனவளும் அவ. இப்ப நான் குடுக்கறேன்னா மட்டும் கோவம் மூக்குக்கு மேல வருது. என்கிட்டப் பேசறதில்ல. அவங்க அம்மாகிட்டப் பேசறா. ஆனாலும் பாரு, கோவத்துலயும் நல்ல ஆளாத் தேடி உன்னைப் பிடிச்சிருக்கா. பள்ளிக்கூடத்துலேருந்து பாத்த புள்ள, வீட்டுலயே மெஷின் போட்டுத் தைக்கற, பகல்ல ஆள் இருக்கற வீடு. எனக்கும் அதான் வேணும். இவங்களுக்குத் தீனி போட யாராலயும் முடியும். பக்கத்துல இருந்து பாக்கறதுக்குத்தான் ஆள் வேணும்.

ஏன்னா இவங்க காட்டிக்க மாட்டாங்க. நாய்க்கு உடம்பு முடியலன்னா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உன் கால்ல வந்து விழும். இவங்க அப்படி இல்ல. உசுரு போற வரைக்கும் நல்லா இருக்கற மாதிரி நடிப்பாங்க. மலைக்காட்டுல கூட்டமா இருந்த சாதி. எவன் சோர்ந்து தெரியறானோ அவனைத்தான் பருந்து தூக்கும். அந்தப் பயம் இன்னும் போகல. இங்க பருந்து எங்க வரப்போகுது? மூணாவது மாடி, ஜன்னல்ல வலை.

முன்னாடி மூணு பேரும்மா. மூணாமத்தவனுக்குப் பாசஞ்சர்னு பேரு. ஒரு சத்தம் கிடையாது, ஏறி ஜன்னலோரமா உக்காந்துக்குவான். கடைசி நாளுங்கள்ல அவன் தீனிக் கிண்ணத்துக்கிட்டதான் எப்பவும் இருப்பான். ரெண்டு கையாலயும் தீனி உருண்டையை எடுப்பான், திருப்புவான், வாய்க்கிட்டக் கொண்டு போவான். நாங்களும் நல்லா சாப்பிடறான்னு சந்தோஷப்பட்டோம். கிண்ணத்தைச் சுத்தம் பண்றப்ப தூளா இருக்கும், அதையும் அவன் சாப்பிட்ட மிச்சம்னு நெனச்சோம். எதுவும் வாய்க்குள்ள போகவே இல்லம்மா. எடுத்து, நொறுக்கி, கீழ போட்டிருக்கான். உள் பல்லு வளந்து நாக்கைக் குத்திட்டு இருந்திருக்கு. தாடை ஈரமா இருந்ததைப் பாத்துத்தான் டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினோம். அப்ப அவன் இறங்க வேண்டிய இடம் வந்துடுச்சு. மத்த ரெண்டு பேரும் அவன் படுத்திருந்த மூலையிலயே ரொம்ப நாளு படுத்துக் கெடந்தாங்க. அந்தப் பக்கம் இருந்த புல்லைக்கூட மாத்த விடல, கையைக் கொண்டு போனா தள்ளுவாங்க.

அதுக்கப்புறம்தான் நான் ஒரு வழக்கம் வெச்சேன். டிப்போவுல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வருவோம்ல, டயரு, லைட்டு, ஹாரன்னு தட்டித் தட்டிப் பாப்போமே. அதே சுத்து இங்கயும். ஆன்ட்டி சிரிப்பா, வீட்டுல ரெண்டு வண்டி நிக்குது, எஃப்.சி. பாக்கறாருன்னு. சிரிக்கட்டும். நீயும் சிரிச்சுக்கோ, ஆனா செய்.

டயருன்னா உள்ளங்கால். கம்பித் தரையில நின்னு நின்னு புண்ணு வரும், செவந்திருக்கான்னு திருப்பிப் பாரு. அதுக்குத்தான் நான் பலகை போட்டு வெச்சிருக்கேன், உன் வீட்டுலயும் பலகைதான். ஹாரன் உனக்கே தெரியும். கண்டக்டர் ஒரு காலையில கத்தலன்னா, தூங்கறான்னு விட்டுடாத. மூச்சு விடறப்ப டிக்கு டிக்குன்னு சத்தம் வந்தாலும் சும்மா இருக்காத. பாடின்னா முடி. வழவழன்னு படிஞ்சிருக்கணும். சிலுத்துக்கிட்டு, முதுகைக் கூனிக்கிட்டு ஒருத்தன் மட்டும் தனியா மூலையில உக்காந்தான்னா, அன்னிக்குத் தையலை மூட்டை கட்டி வெச்சுட்டு அவனைத் தூக்கிட்டுக் கெளம்பு. எந்தக் கஸ்டமர் கத்தினாலும் சரி.

இந்த மண்ணுச் சட்டி எதுக்கா? குளிக்க. தண்ணியில குளிப்பாட்டிடாதம்மா, ஜுரம் வந்துடும். சன்னமா மண்ணை வெச்சா, விழுந்து புரண்டு, எந்திரிச்சு உதறி... வீடெல்லாம் தூசி. ஆன்ட்டிக்கு அதுல இருமல் வருது. ஆமா, குடுக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். குளிக்காம விட்டான்னா அதையும் கவனி. நம்மள மாதிரிதான், உடம்பு நல்லா இல்லன்னா குளிக்கத் தோணாது.

தண்ணி. தண்ணியைத்தான் ரொம்பப் பாக்கணும். புட்டி சீக்கிரம் காலியாகுது, அடியில போட்ட புல்லு எப்பவும் நசநசன்னு இருக்குன்னா சக்கரை வியாதி. சிரிக்காத, நெஜமா. மனுசனுக்கு வர அதே சக்கரை. இனிப்புன்னு ஒண்ணு அந்த உடம்புக்கு ஆகவே ஆகாது. பழம் வேண்டாம், திராட்சை வேண்டாம், பிஸ்கட்டு வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச புல்லு, இந்த உருண்டை, அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ற சின்னப் பசங்ககிட்டயும் கறாரா சொல்லிடு. சக்கரை வந்தா கண்ணுல பால் ஊத்தின மாதிரி வெள்ளை விழுந்துடும். அதான் லைட்டு பாக்கறதுன்னு சொன்னேன். டார்ச்சு வேண்டாம், ஜன்னல்கிட்டத் தூக்கிட்டுப் போய்ப் பாரு.

தராசு அந்த அலமாரியில இருக்கும், எடும்மா. மாவு நிறுக்கற தராசுதான், ஆன்ட்டி பேக்கரியிலேருந்து வந்தது. செக்கரை அந்த டப்பாவுல இறக்கு. ரெண்டு கையாலயும், அடியில தாங்கி. ம். எவ்வளவு காட்டுது? நீயே படிச்சுச் சொல்லு. இருநூத்து முப்பது கிராமா? நல்லது. வாராவாரம் நிறு. வாய் சாப்பிடற மாதிரி நடிக்கும், தராசு நடிக்காது. பாசஞ்சர்கிட்ட நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

கடைசியா பானெட்டு. வாயைத் திறந்து முன் பல்லைப் பாக்கணும். இதுதான் முக்கியம், கவனமா கேளு. நமக்குப் பல்லு வெள்ளையா இருந்தா அழகு. இவங்களுக்கு ஆரஞ்சு நெறத்துல இருக்கணும். துருப்பிடிச்ச மாதிரி, நல்லா அடர்த்தியா. குட்டியில வெள்ளையாத்தான் இருக்கும், வளர வளர நெறம் ஏறும். ஏறின நெறம் இறங்கினா உள்ள ஏதோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். சத்து கொறைஞ்சிருக்கலாம், ஈரலா இருக்கலாம். எதுவா இருந்தாலும் பல்லு முதல்ல சொல்லும். மத்ததெல்லாம் நடிச்சு மறைச்சுடுவாங்க, பல்லோட நெறத்தை மறைக்க முடியாதில்ல.

இவங்களுக்கு நெறம் இறங்குச்சாவா? இறங்குச்சேம்மா. அதை ஏன் கேக்கற. போன மழைக்கு முன்னாடி ஒரு நாளு வாயைப் பாக்கறேன், கண்டக்டருக்கு நெறம் கொறைஞ்ச மாதிரி இருக்கு. சரி, பாப்போம்னு விட்டேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா இன்னும் வெளுத்திருக்கு. செக்கருக்கும் வெளுத்திருக்கு. எனக்குக் கை காலே ஓடல. மறுபடியும் பாசஞ்சர் கதையான்னு ஆயிடுச்சு. புல்லை மாத்தினேன், உருண்டையை மாத்தினேன், டிப்போவுல என்கூட ஓட்டறவன் ஒருத்தன் முயல் வளக்கறான், அவன்கிட்ட யோசனை கேட்டேன். நாளாக நாளாக வெளுக்குதே தவிர ஏறல.

அப்புறம் புத்தி எங்க போகும் சொல்லு. வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. ஒருத்தி பேக்கரியில வேலை. மிஞ்சின கேக்கு, பிஸ்கட்டுத் தூளுன்னு சாயங்காலம் பை நெறைய வருது. நான் நேராவே கேட்டுட்டேன், நான் டியூட்டிக்குப் போனதும் நீ இதுங்களுக்கு இனிப்பு போடறியான்னு. இல்லைன்னா. போடாம எப்படிப் பல்லு வெளுக்கும்னேன். வெளுக்கவே இல்லையேன்னா. வாயைத் திறந்து அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, இது வெளுப்பில்லாம என்னன்னு கத்தினேன். நல்லாப் பாருங்க, நல்ல ஆரஞ்சா இருக்குன்னா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். செஞ்சதையும் செஞ்சுட்டு கண்ணு முன்னாடி பொய் சொல்றான்னு. அன்னியிலேருந்து பையைத் தொழாவ ஆரம்பிச்சேன். வேலை முடிச்சு அலுத்துப் போய் வர்றவ தோள்லேருந்து பையை வாங்கி, கவுத்துத் தட்டிப் பாப்பேன். அவளே ஜிப்பைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிப்பா.

உன் தோழிக்கும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா, கேரட்டு மாதிரி இருக்கு பல்லு, என்ன உளர்றீங்கன்னு சிரிச்சா. போன்ல கலரு சரியா வராதுன்னு அவகிட்டயும் சண்டை. நீ அங்க உக்காந்துக்கிட்டுப் பேசாத, நான் நேர்ல பாக்கறேன்னு. நான் ஒருத்தன்தான் பாக்கறேன், மத்தவங்க எல்லாரும் குருடுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

கடைசியில ரெண்டு பேரையும் பொட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போனேன். ஆன்ட்டியும் லீவு போட்டுட்டு வந்தா. பாசஞ்சரைப் பாத்தாங்களே, அதே டாக்டரம்மா. நிதானமான ஆளு. உனக்கும் அங்கதான் காட்டச் சொல்லுவேன். கண்டக்டரையும் பாத்தாங்க, செக்கரையும் பாத்தாங்க, ஒரு கொறையும் இல்லன்னுட்டாங்க. அவ்வளவுதான் கதை. ஒண்ணும் இல்லாததுக்கு நான்தான் ஊரைக் கூட்டியிருக்கேன்.

சரி, பொட்டியை எடுத்துக்கோ. ரெண்டு பேரையும் ஒரே பொட்டியில போடு. எந்தக் காலத்துலயும் பிரிச்சிடாத, யார் வந்து ஒண்ணே ஒண்ணு குடுன்னு கேட்டாலும். ஒருத்தன் தனியாயிட்டா சோறு தண்ணி இல்லாம உக்காந்துடுவான். புல்லு ஒரு மூட்டை கதவோரம் வெச்சிருக்கேன், ஆட்டோவுல வெச்சுக்கோ. கூண்டை நாளைக்கு என்கூட ஓட்டறவன் கொண்டாந்து இறக்குவான், முயல்காரன்தான்.

இரும்மா. மூடாத. கண்டக்டரைக் கொஞ்சம் தூக்கு. உதட்டை லேசா மேல தள்ளு, கட்டை விரலால. ஆங். பல்லு தெரியுதா?

சொல்லு. என்ன கலரு?

நீ சொல்லும்மா. நாளெல்லாம் நூலுக்கும் துணிக்கும் கலரு ஒத்துப் பாக்கறவ நீ. சும்மா என் மனசுக்காகச் சொல்லாத.

ஆரஞ்சா. அடர்த்தியாவா? செக்கருக்கும்?

சரி. சரிம்மா. போதும்.

நான் எதுக்குக் கேக்கறேன்னா... எனக்கு ரெண்டும் வெள்ளையாத்தான் தெரியுது. இன்னிக்கு இல்ல, அன்னிக்கே அப்படித்தான். டாக்டரம்மா வாயைத் திறந்து பாத்துட்டு, பல்லு நல்லாத்தான் இருக்குன்னாங்க. நான் விடல, எப்படிங்க நல்லா இருக்கும், சுண்ணாம்பு மாதிரி இருக்கேன்னு அடிச்சுப் பேசினேன். அவங்க மேசை மேல இருந்த ரெண்டு மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டி, இதுல எதுங்க பச்சைன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னேன். பக்கத்துல ஆன்ட்டி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. டாக்டரம்மா மெதுவாத்தான் சொன்னாங்க. இவங்களுக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க போய் முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்கன்னு.

காட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியிலயும் காட்டினேன். கண்ணுக்குள்ள பின்னாடி ஒரு படலம் இருக்காம், அது தேயுதாம். கண்ணாடிக்கும் கேக்காது, ஆபரேஷனுக்கும் கேக்காது. முதல்ல கலரு போகும், அப்புறம் எழுத்து, அப்புறம் முகம்னாங்க. முழு இருட்டு ஆகாது, ஓரத்துல நடமாட்டம் தெரியும்னு ஆறுதலாச் சொன்னாங்க. அப்பதான் எனக்கே ஒண்ணு புரிஞ்சது. சிக்னல்ல சிவப்பு எப்பவும் மேல, பச்சை கீழ. எத்தனை நாளா நான் கலரைப் பாக்காம எடத்தைப் பாத்தே வண்டி ஓட்டியிருக்கேன்னு தெரியல. அறுவது பேரை ஏத்திக்கிட்டு. மறுநாளு டிப்போவுக்குப் போய் மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். வண்டியை ஒரு தடவை சுத்தி வந்து தட்டிக் குடுத்துட்டு, வந்துட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஆன்ட்டி பக்கத்துல உக்காந்திருந்தா. மன்னிச்சுக்கோன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ சொல்றா, நெஜமாவே நான் இனிப்பு போட்டதா இருந்திருக்கக் கூடாதாங்கன்னு.

உன் தோழிக்கா? தெரியாது. அவகிட்டச் சொன்னியோ, அவ்வளவுதான். முன்னாடி எனக்குக் கால் ஒடஞ்சப்ப என்ன பண்ணினா, ஞாபகம் இருக்கா உனக்கு? பரீட்சையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்து நின்னா. ஒரு வருசம் போச்சு. கால் கூடிடுச்சு, வருசம் கூடல. இது கூடற சமாசாரமும் இல்ல. இப்ப வந்தா திரும்பிப் போக மாட்டா. இங்கயே உக்காந்து என் கையைப் பிடிச்சு நடத்திட்டே இருப்பா. அவ படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் வராம இருக்க ஒரு கோவத்தைக் குடுத்துடணும்னுதான் இவங்களைக் குடுக்கறேன்னேன். இவங்களையும் இனி நான் பாக்க முடியாது, அதுவும் நெஜம். ஆன்ட்டி வேலைக்குப் போயிட்டா வீட்டுல இருக்கறவன் நான். ஒருத்தன் மூலையில கூனிக்கிட்டு உக்காந்தா எனக்குத் தெரியவா போகுது?

வேலையை விட்டவன் எதுக்கு இந்த யூனிஃபார்மைப் போட்டிருக்கேன்னா? அதான் கேக்க நெனச்சியா. சாயங்காலம் அவங்க அம்மாகூட வீடியோவுல பேசுவா. நான் பேச மாட்டேன், அவளும் பேச மாட்டா. ஆனா ஆன்ட்டி முதுகுக்குப் பின்னாடி, போன்ல தெரியற மாதிரி, இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை இப்படியும் அப்படியும் நடப்பேன். டியூட்டி முடிஞ்சு வந்த மாதிரி. பாத்துக்குவா. அது போதும் அவளுக்கு.

அதனால கேட்டான்னா, அப்பாவுக்கு அலுத்துப் போச்சுன்னே சொல்லு. முன்னாடி மாதிரி இல்ல, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாருன்னு ரெண்டு சேத்தே சொல்லு. கோவமா இருந்தா அங்கயே இருப்பா.

சரி, கெளம்பு. படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. கண்டக்டர் கொஞ்ச தூரம் கத்துவான், அப்புறம் அடங்கிடுவான்.

என்னம்மா, போகலையா? அங்கயே நிக்கற. ஏம்மா... அழறியா? மூக்கு உறிஞ்சற சத்தம் கேக்குது, அதான் கேட்டேன். முகம் பாத்து எனக்குத் தெரியல.